இறங்காமல் போன முந்நூறு மீட்டர்

முதல் பைக்கைப் பற்றி யாரைக் கேட்டாலும் முகம் மாறிவிடும். வேலை கிடைக்காதவர், கடன்காரர், காதலில் தோற்றவர் என்று யாராக இருந்தாலும் அந்தப் பேச்சை எடுத்தால் ஒரு நிமிடம் சிரித்துவிடுகிறார்கள். அதனால் எங்கள் இளைஞர் பயிற்சி முகாம்களில் அறிமுகத்தை அந்தக் கேள்வியில் இருந்தே தொடங்குவது வழக்கம். பெயர், ஊர், முதலில் ஓட்டிய வண்டி.

சென்ற முகாமிலும் அப்படித்தான். அப்பாவின் டிவிஎஸ் 50-ஐத் திருட்டுத்தனமாக எடுத்து வாய்க்காலில் விட்ட கதை வந்தது. தவணையில் எடுத்த ஸ்பிளெண்டரை மூன்றாவது மாதமே பைனான்ஸ்காரர் தூக்கிப் போன கதை வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி எழுந்தார். "எங்க அண்ணன் வண்டிதான் சார். முன்னாடி கோயில் தெருவுல தள்ளிக்கிட்டுப் போவோம். இப்ப அந்தப் பிரச்சினை இல்ல. சுத்திப் போறதுக்குத் தனியா ரோடு போட்டுட்டாங்க" என்றார். நல்ல செய்தி சொல்வதுபோலவே சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்தவர் தன் வண்டிக் கதையைத் தொடங்கிவிட்டார்.

அன்றைக்கு அவரிடம் எங்கள் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம். 'நாங்கள்' என்றே எழுதுகிறோம், தோழர்களே. அந்த வண்டி நான்கு பேருடையது. நினைவும் நான்கு பேருக்கும் பொதுவானதுதான்.

2006 சித்திரையில் வாங்கினோம். யமஹா ஆர்எக்ஸ் 100. அந்த வண்டி 1985-இல் இந்தியாவுக்கு வந்து 1996-இல் நின்றுபோனது. எங்கள் கைக்கு வந்தபோது அதற்கு நாங்கள் நான்காவது கை. விலை பதினான்காயிரம், ஆளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. ஒருவன் கரும்பு வெட்டிய காசு. ஒருவன் பாண்டிச்சேரியில் சென்ட்ரிங் வேலை பார்த்த காசு. ஒருவன் டவுனில் மெக்கானிக் பட்டறையில் எடுபிடி. அவன் பங்கில் பாதி, வண்டியைப் பழுது பார்த்துத் தருவதாகச் சொன்ன வாக்கு. நான்காமவன் கல்லூரி மாணவன். தாமதமாக வந்த கல்வி உதவித்தொகை அப்படியே பெட்ரோல் டேங்கானது.

டிஎன் 32 என்று தொடங்கும் எண். படிவம் 29, படிவம் 30 என்று ஆர்டிஓ அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்து ஆர்சி புத்தகத்தை மூத்தவன் பெயருக்கு மாற்றினோம். நான்கு பேர் பெயரையும் போட முடியுமா என்று கேட்டதற்கு அங்கிருந்தவர்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் காலனி மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். ஹெட்லைட்டுக்கு மேலே அம்பேத்கர் ஸ்டிக்கர் ஒட்டினோம். நீலக் கோட்டும் கண்ணாடியும் போட்ட படம்.

வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஆர்எக்ஸ் 100-க்கு ஒரு சத்தம் உண்டு. புல்லட்டைப்போல நிறுத்தி நிறுத்தித் தட்டாது. மெல்லிசாக ஆரம்பித்து, ஆக்சிலேட்டரைத் திருகத் திருகக் கிழிந்துகொண்டு போகும். பின்னால் நீலப் புகை, 2டி ஆயில் வாசனை. காலையில் கிக்கரை உதைத்தால் முதல் உதைக்கு எடுக்காது. பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, பனியனில் துடைத்துப் போட வேண்டும். பெட்ரோல் தீர்ந்து ரிசர்வும் தீர்ந்தால், வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து நிமிர்த்தினால் இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடும். நான்கு பேருக்கும் முறை வைத்திருந்தோம். கல்லூரிக்காரனுக்குத் திங்கள், செவ்வாய். சென்ட்ரிங்காரனுக்குச் சனிக்கிழமை சம்பள நாள். சண்டை வராத வாரமே கிடையாது. யார் கடைசியாக ஓட்டினாரோ அவர் பெட்ரோல் போட்டு வைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை நால்வரில் யாரும் ஒருநாளும் மதித்ததில்லை.

இவ்வளவும் எல்லோருடைய முதல் பைக் கதைபோலத்தான் இருக்கிறது. மாறுவது, வண்டியை வாங்கி முதல்முறை வீட்டுக்குக் கொண்டுபோன வழி.

பஸ் நிற்கும் மெயின்ரோட்டில் இருந்து எங்கள் காலனிக்குப் போக ஊர்த் தெரு வழியாகத்தான் தார் ரோடு. நடுவில் கோயில், எதிரே டீக்கடை, பக்கத்தில் பால் சொசைட்டி. தெருவின் நீளம் முந்நூறு மீட்டர் இருக்கும். இன்னொரு வழி ஏரிக்கரை. இரண்டு கிலோமீட்டர் சுற்று, மழை பெய்தால் சேறு. அன்று இரவு ஏழு மணிக்கு நான்கு பேரும் வண்டியோடு மெயின்ரோட்டில் நின்றோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. வண்டி ஏரிக்கரைக்குத் திரும்பியது.

இதைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். எங்களை அன்று யாரும் தடுக்கவில்லை. தெருமுனையில் தடியோடு யாரும் நிற்கவில்லை. பயப்பட வேண்டியது எங்கே என்று எங்களுக்கே தெரிந்திருந்தது. பின்னால் சமூகவியல் முதுகலை வகுப்பில் சமூக நகர்வு என்ற பாடம் வந்தபோது, கல்வி, தொழில், வருமானம் என்று ஏணிப்படிகளாகக் கரும்பலகையில் வரைந்தார்கள். எங்கள் வண்டியில் நான்கு கியர் இருந்தது, நகர்வதற்கு அனுமதி இல்லை.

ஏரிக்கரை அலுத்துப்போனதும் வேறு உத்தி கண்டுபிடித்தோம். தெருமுனையில் என்ஜினை அணைத்துவிட்டுக் கோயிலைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போவது. யாராவது பார்த்தால் பெட்ரோல் தீர்ந்ததுபோல டேங்கை ஆட்டிப் பார்ப்போம். நன்றாக நடிப்போம். ஆறு மாதம் நடித்தோம். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இது நடிப்பு என்று தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும்.

எங்கள் பெரியப்பாவுக்கு இதில் வெட்கம் எதுவும் இல்லை. அவர் அந்தத் தெருவில் சைக்கிளைத் தள்ளியே வாழ்ந்தவர். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்வார். தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கும். ஊர்த் தெருவில் பள்ளிக்கூடம் போகும் பையன்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். அவரைப் பின்னால் உட்கார வைத்து வரும் நாட்களில் தெருமுனை வருவதற்கு முன்பே தோளைத் தட்டுவார். "டேய், நிறுத்து. எறங்கறேன்." நாங்கள் முணுமுணுத்தால், "ஒனக்குக் காலேஜ் இருக்குது. எனக்கு அவங்க நெலந்தான் இருக்குது" என்பார். ஒரே வீட்டு நிலத்தில் இருபது வருஷமாக வேலை பார்த்தார். அந்த வீடு கோயிலுக்குப் பக்கத்து வீடு.

ஐப்பசியில் அடைமழை. ஏரிக்கரை கரைந்து வழியே இல்லாமல் போனது. ஒருநாள் காலை ஐந்து மணிக்கு சென்ட்ரிங்காரன் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கல்லூரிக்காரன் அவனைக் கொண்டுபோய் விட வேண்டும். இருட்டு, மழை, தள்ளினால் பஸ் போய்விடும். ஓட்டிவிட்டோம். வீரம் ஒன்றும் இல்லை. நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஆர்எக்ஸ் 100 சத்தம் தூங்குகிறவர்களை எழுப்பும் சத்தம்.

அன்று மாலை டீக்கடையில் ஒரு பெரியவர் மிகவும் பக்குவமாகச் சொன்னார். "வண்டி சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்குதே தம்பி. சைலன்சர் மாத்துங்க." அவர் வீட்டு வாசலிலும் இரண்டு வண்டிகள் நின்றன. இரண்டு நாள் கழித்து, காலனி முனையில் நிறுத்தியிருந்த எங்கள் வண்டியின் பின் டயர் கிழிந்திருந்தது, பிளக் ஒயர் அறுந்திருந்தது. ஹெட்லைட்டின் மேலிருந்த ஸ்டிக்கரை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள். கண்ணாடி போன கண்கள் மட்டும் பாதி மிச்சம். அந்த வாரமே பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார்கள், நாளையில் இருந்து வர வேண்டாம், உன் பிள்ளைகள்தான் பெரிய ஆளாகிவிட்டார்களே என்று.

நாங்கள் வண்டியை விற்றுவிடத் தீர்மானித்தோம். குற்ற உணர்வில் நான்கு பேரும் பெரியப்பா முகத்தைப் பார்க்காமல் திரிந்தோம். அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே வந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, காலில் செருப்பு. டயர் போட்டாயிற்றா என்று கேட்டார். போட்டாயிற்று. பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"ஊர்த் தெரு வழியாப் போ. மெதுவாப் போ."

வேண்டாம் பெரியப்பா என்றோம்.

"வேலைதான் போயிடுச்சேடா. இனிமே எதுக்கு எறங்கணும்?"

இரண்டாவது கியரில் போனோம். டீக்கடை பெஞ்சில் நான்கைந்து பேர். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை இறக்கினார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியப்பா கை தோளைப் பிடித்திருந்த பிடியில் சட்டை கசங்கிப்போனது. மெயின்ரோடு வந்ததும் நிறுத்தினோம். இறங்குவார் என்று பார்த்தால், "இன்னொரு தபா போலாமா?" என்றார்.

திரும்பினோம். சரியாகக் கோயில் வாசலில் வண்டி இரண்டு இருமல் இருமி நின்றுவிட்டது. பெட்ரோல் தீர்ந்திருந்தது. கடைசியாக ஓட்டியவன் பெட்ரோல் போடவில்லை. ஆறு மாதம் நடித்தது அன்று நிஜமாகவே நடந்துவிட்டது. ஓட்டியவன் இறங்கினான். பெரியப்பா இறங்கவில்லை. சீட்டில் நன்றாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, "நான் எறங்க மாட்டேன். தள்ளுடா" என்றார். காலனியில் இருந்து மற்ற இருவரும் ஓடி வர, அவரை உட்கார வைத்து மூன்று பேராகத் தள்ளிக்கொண்டு போனோம். தெரு முடியும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். காலனி குழாயடி வந்ததும் அடக்க முடியவில்லை. எங்கள் முதல் பைக்கின் ஆக இனிமையான நினைவு எது என்று கேட்டால் நால்வரும் இதைத்தான் சொல்வோம்.

கதையை இங்கே முடித்தால் சினிமாவாகிவிடும். அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறோம்.

பெரியப்பாவுக்கு அந்தத் தைரியம் வண்டியால் வந்ததல்ல. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியது. முதல் கட்டத்தில் தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்கள், அதில் விழுப்புரமும் ஒன்று. பெரியம்மா ஏற்கெனவே அட்டை வாங்கி வாய்க்கால் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நாளுக்கு 80 ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. ஊரில் களையெடுக்கப் போனால் பெண்களுக்கு அதில் பாதிதான். பெரியப்பாவும் அட்டையில் பெயர் சேர்த்தார். இருபது வருஷமாக அவரைச் சைக்கிளில் இருந்து இறக்கியது சாமி பயம் அல்ல, அடுத்த நாள் கூலி. அந்தக் கூலிக்கு மாற்று ஒன்று வந்த வருஷத்தில்தான் அவர் இறங்காமல் உட்கார்ந்தார். சுயமரியாதை வேண்டும் என்று மக்களிடம் பேசப் போகும் இளம் தோழர்கள், அந்த மரியாதைக்கு அவர்கள் கொடுக்க வேண்டியிருக்கும் விலையையும் கணக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும். நாங்கள் போடவில்லை. பெரியப்பா போட்டிருந்தார்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. பெரியப்பா மகள், எங்கள் தங்கை, பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். வண்டி வந்த முதல் வாரத்திலேயே, "அண்ணே, எனக்கும் கத்துக் குடுங்க" என்றாள். விழுந்துவிடுவாய் என்றோம். தாவணியோடு எப்படி என்றோம். நால்வர் வண்டி, மற்ற மூன்று பேரையும் கேட்க வேண்டும் என்றோம். மூன்று பேரும் அதையேதான் சொன்னோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதைப் பின்னாளில் மேடைகளில் எடுத்துக்காட்டாகப் பேசியவர்கள் நாங்கள்தான். எங்கள் தங்கை பல வருஷம் கழித்து, மகளிர் குழுக் கடனில் டிவிஎஸ் எக்ஸ்எல் வாங்கித் தானாகவே கற்றுக்கொண்டாள். இப்போது சந்தித்தாலும் சிரித்துக்கொண்டே கேட்பாள், "ஒங்கள எறங்கச் சொன்னதுக்கு அவ்ளோ கோவம் வந்துச்சே, என்ன ஏறவே விடலியே நீங்க?" பதில் இல்லை.

டயர் கிழிந்ததற்கு நாங்கள் காவல் நிலையம் போகவில்லை. போயிருந்தாலும் என்ன பிரிவில் எழுதச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியாது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. 2015-இல் அது திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு 3(1)(இசட்ஏ)(பி) என்று ஒன்று சேர்க்கப்பட்டது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதை, ஓட்டுவதை, செருப்போ புத்தாடையோ அணிவதை, திருமண ஊர்வலம் போவதைத் தடுப்பது குற்றம் என்று அது சொல்கிறது. மோட்டார் சைக்கிள் என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து இப்படி ஒரு வரியை எழுத வேண்டியிருந்தது என்றால், எத்தனை தெருக்களில் எத்தனை பெரியப்பாக்கள் இறங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இது புதிய கதையும் அல்ல. 1929-இல், அரசு அமைத்த ஒரு குழுவின் உறுப்பினராகப் பயணம் செய்த அம்பேத்கர் சாலிஸ்கானில் ரயிலை விட்டு இறங்கினார். தீண்டத்தகாதவரை வைத்து ஓட்ட எந்தக் குதிரைவண்டிக்காரரும் முன்வரவில்லை. தங்கள் தலைவர் நடந்து வருவதை அங்கிருந்த மகர் மக்கள் விரும்பவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டத் தெரியாத ஒருவரே ஓட்டினார். பாலத்தில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. வெளிநாட்டில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பிய பாரிஸ்டருக்கு நடந்தது இது. நூறு வருஷம் நெருங்குகிறது. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியில் வீடுகளோடு வாசலில் நின்ற இருசக்கர வாகனங்களும் எரிக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்பது குடும்பத்தின் புகார். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கைகள் அவை.

எங்கள் வண்டியை 2011-இல் விற்றோம். என்ஜின் வேலை வந்துவிட்டது, நால்வரும் நான்கு ஊர்களுக்குப் போயிருந்தோம். ஒன்பதாயிரத்துக்குப் போனது. நாலாகப் பிரித்தோம். இப்போது ஆர்எக்ஸ் 100-ஐத் தேடிப் பிடித்துப் பளபளப்பாக்கி லட்சத்துக்கு மேல் விலை பேசுகிறார்கள் என்று கேள்விப்படும்போது மெக்கானிக் நண்பன் மட்டும் இன்னும் திட்டுகிறான். பெரியப்பா இப்போது இல்லை. அவர் கடைசிவரை அந்தத் தெருவில் செருப்போடுதான் நடந்தார்.

முகாமில் பேசிய தம்பிக்கு வருகிறோம். "அந்தப் பிரச்சினை இப்ப இல்ல" என்றீர்கள், தம்பி. சுற்றுப்பாதை போட்டது யார்? எந்த நிதியில் போட்டார்கள்? உங்கள் காலனி கேட்டதா, ஊர் கேட்டதா? பழைய தெருவில் இப்போது உங்கள் அண்ணன் ஓட்டிக்கொண்டு போனால் என்ன நடக்கும்? எங்கள் காலத்தில் ஏரிக்கரை வழியாகப் போகும்போது சுற்றிப் போகிறோம் என்பதாவது எங்களுக்கு உறைத்தது. உங்களுக்குத் தார் போட்டு, மின்விளக்கும் வைத்து, சுற்றுவதே தெரியாமல் செய்திருக்கிறார்கள் என்பதுதான் எங்கள் கவலை.

உடனே போய் அந்தத் தெருவில் ஓட்டிக் காட்டுங்கள் என்று சொல்லவில்லை. தனியாக ஓட்டாதீர்கள். முதலில் விசாரியுங்கள். பஞ்சாயத்துத் தீர்மானத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் காலனியில் யாருடைய கூலி யாருடைய நிலத்தில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் தங்கைக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டு, தெரியாவிட்டால் இந்த வாரமே கற்றுக்கொடுங்கள். அதற்குள் நாங்கள் உங்கள் ஊருக்கு வருகிறோம். எந்த வழியாக வருவது என்று சேர்ந்து முடிவு செய்வோம்.

பெட்ரோல் மட்டும் போட்டு வையுங்கள்.